கிணற்றில் முதலில் இறங்கியவள் கஸ்தூரி

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போன வருஷம் அது. அதற்கு முந்தைய வருஷம்தான் நோய்க்குப் பயந்து ஊரே வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தது. தோல் பதனிடும் டேனரிகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்து, ஒரு வழியாக அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தன. தக்காளி விலையைக் கேட்டுவிட்டுப் பெண்கள் ரசம் வைப்பதையே விட்டிருந்தார்கள். மணல் வண்டி மட்டுமே போய்ப் பார்த்த ஆற்றில் வெள்ளம் வந்ததும் ஊர் மொத்தமும் பாலத்தில் போய் நின்றது. அந்த மழைக்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லப்போகிறேன். கஸ்தூரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இனிமேல் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சில வாரத்துக்கு முன்னால், அவள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு டீக்கடையில் வந்தது. ஷூ கம்பெனி பஸ் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. ஏற வேண்டிய பெண்கள் ஏறவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கினார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா, இன்னா ஆச்சு?” என்று கேட்டேன்.

“கஸ்தூரி அக்கா போய்ட்டாங்க தாத்தா. வீட்ல நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தவங்கதான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட தாங்கல.”

டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்திருக்கிறேன். மறுநாள் கடைக்காரன் வந்து கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் கொடுக்கிற புத்தகத்துக்குக் கம்பெனிப் பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருகிறார்கள். நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள்.

கஸ்தூரியின் புருஷன் சேகர் என்னோடு டேனரியில் தோல் சுற்றுகிற டிரம் ஓட்டியவன். கெட்டிக்கார நீச்சல்காரன். மகள் வினோதினி தளர்நடை போட்ட வயதில், ஏரியில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. கஸ்தூரி அவன் இடத்தில் கொஞ்ச காலம் டேனரியில் வேலை பார்த்தாள். அப்புறம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போனாள். அழுதுகொண்டு உட்கார்ந்த பெண் இல்லை. எது வந்தாலும் அவள் வாயில் ஒரே சொல்தான்: “பார்த்துக்கலாம் மாமா.”

ஆனால் தண்ணீர் என்றால் மட்டும் அந்தச் சொல் வராது. வினோ வளர்ந்த பிறகும் குளியலறைக் கதவைத் தாழ் போட விடமாட்டாள். வீட்டில் தொட்டி கட்ட விடவில்லை. குடம், பக்கெட்டோடு சரி. ஆற்றில் வெள்ளம் வந்து ஊரே பாலத்துக்கு ஓடியபோது, அந்தத் தெருவில் சாத்தியிருந்தது அவள் வீட்டுக் கதவு மட்டும்தான். உள்ளே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு சாயங்காலம் வினோ வந்து அந்தப் பேச்சை எடுத்தாள். வேலூரில் கல்லூரியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நானும் என் சிநேகிதர் பஷீர் பாயும் அவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

“ம்மா, நேவி கேடட்ல சேர்ந்துட்டேன். நீ ஒரு கையெழுத்து போடணும்.”

“அதுன்னா இன்னா?”

“கப்பல் படை இருக்குல்ல, அது மாதிரி. காலேஜ் பசங்களுக்கு. வெள்ளை டிரெஸ், தொப்பி, பரேடு எல்லாம் உண்டு.”

பஷீர் பாய் விடுவாரா? “ஏம்மா, நம்ம ஊருக்கு கப்பல் வந்தா எங்க நிக்கும்? பஸ் ஸ்டாண்டுலயா, சந்தையிலயா?”

“ராணுவப் பிரிவுல எடம் முடிஞ்சிடுச்சு தாத்தா. இதுலதான் இருந்திச்சு. தண்ணின்னு சொன்னதும் பாதிப் பேர் ஓடிட்டாங்க.”

“நீ ஏன் ஓடல?”

“பின்னாடி ஒரே கூட்டம். திரும்ப வழி இல்ல.”

நாங்கள் சிரித்தோம். கஸ்தூரி சிரிக்கவில்லை. “எந்தப் படையா வேணா இருக்கட்டும். தண்ணின்னா வேணாம்” என்று உள்ளே போய்விட்டாள்.

வினோவுக்குச் சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆக ஆசை. கேடட்டில் இருந்து சான்றிதழ் வாங்கினால் ஆள் எடுக்கும்போது மார்க் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. கடைசியில் கஸ்தூரி கையெழுத்துப் போட்டாள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அவர்கள் அணியில் பொங்கலுக்கு அப்புறம் ஒரு முகாம். அங்கே நீச்சல் குளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்திக் கடக்க வேண்டும். கடக்காதவர்களின் பேரை எடுத்துவிடுவார்கள்.

வினோ தானாகவே நாயுடு கிணற்றுக்கு நீச்சல் பழகப் போனாள். நான் அப்போது அந்தக் கிணறு இருக்கிற தோட்டத்துக்குக் காவல். மழையில் கிணறு நிரம்பி, மேலே சில படிகள்தான் வெளியே தெரிந்தன. மூன்று நாள் வந்தாள். மூன்று நாளும் தண்ணீரில் கால் நனைகிற படி வரை இறங்கினாள், சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏறிப் போய்விட்டாள். கடைசி நாள் உதடு வெளுத்து, பல் கிட்டிப்போய்விட்டது. கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தேன்.

அன்று கஸ்தூரியிடம் சொன்னேன், “விட்டுடும்மா. பொண்ணு ரொம்ப பயப்படுது.”

அவள் சொன்னாள்: “அந்த பயம் அவளுது இல்ல மாமா. நான் குடுத்தது. குடுத்தவதான் திருப்பி வாங்கணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். கஸ்தூரி மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டிருந்தாள். அவளை அந்த உடுப்பில் யாரும் பார்த்ததில்லை. பஷீர் பாய் பார்த்துவிட்டு, “யாரு இது, காலேஜ்ல புதுசா சேர்ந்த பொண்ணா?” என்றார். “ஆமா பாய், ரெண்டு பேர் சேர்ந்தா பீஸ் கம்மின்னாங்க” என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையில் ஒரு நீலக் கேன். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் இருக்கும். டேனரிக்கு ரசாயன மருந்து வந்து காலியான கேன் பழைய சாமான் கடைக்குப் போகும். அதைக் கழுவிக் குடிதண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வோம். கூடாது என்று தெரியும், ஆனாலும் வாங்குவோம். நீச்சல் பழகுகிறவர்களுக்கு முதுகில் கட்டிவிடுவதும் அதைத்தான். கஸ்தூரி புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள். கழுவியாயிற்று என்று கடைக்காரன் சொன்னானாம். மூடியைத் திறந்தால் இறுக்கம் போய்விடும், மிதக்காது என்று திறந்து பார்க்காமலே கொண்டுவந்துவிட்டாள். தோல் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள்.

வினோ முதுகைக் காட்டி நின்றாள். கஸ்தூரி கயிற்றை எடுத்தவள் மகளுக்குக் கட்டவில்லை. “மாமா, எனக்குக் கட்டுங்க. நான் மொதல்ல இறங்குறேன்” என்றாள்.

“நீயா? ம்மா, உனக்கு பக்கெட் தண்ணியே ஆகாது.”

“ஆகாதுதான். பார்த்துக்கலாம்.”

தண்ணீருக்கு முன்னால் நின்று அவள் அந்தச் சொல்லைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மேலே மோட்டார் வைத்த கல்லில் ஒரு வடத்தைக் கட்டி, பஷீர் பாய் பிடித்துக்கொண்டார். அதன் நுனியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி இறங்கினாள். நான் தண்ணீருக்கு மேல் தெரிந்த கடைசிப் படியில் நின்றேன். கழுத்தளவு தண்ணீர் வந்ததும் ஒரு சத்தம் போட்டாள், உடனே அடக்கிக்கொண்டாள். கேன் அவளைத் தூக்கி நிறுத்தியது. வினோ மேலே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த நெடி வந்தது. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அதுவேதான், நூறு மடங்கு. டேனரியில் காலம் கழித்த மூக்குக்குத் தப்பாது. பார்மிக் ஆசிட், பட்டால் தோலை வேகவைத்துவிடும். மூடி இடுக்கில் தண்ணீர் புகுந்து, அடியில் கிடந்த மருந்து அவள் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.

“கஸ்தூரி, மேல வா!” என்று பதறினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் கோணிப்போயிருந்தது. குரலை மட்டும் தாழ்த்தினாள்: “கத்தாதீங்க மாமா. அவ பார்க்குறா. நான் இப்ப அலறிக்கினு ஏறினா, இந்த ஜென்மத்துல அவ இறங்கமாட்டா. கயித்த அறுத்துடுங்க.”

படியில் உட்கார்ந்து கத்தியால் அறுத்தேன். கேனை எட்டித் தள்ளினேன். “இப்பவாவது வாம்மா.”

“மேல வந்தா ஜாஸ்தியா எரியும். தண்ணியில இருந்தா அடங்கும். டேனரியில மொத நாளே சொல்லிக் குடுத்ததுதானே?”

உண்மைதான். ஆசிட் பட்டால் தண்ணீர்தான் மருந்து. நிறையத் தண்ணீர், ரொம்ப நேரம். ஆனால் ஊறிய துணி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துப் பிடித்தால்தான் உள்ளே தண்ணீர் போகும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் வடம்.

அவள் அந்த வடத்தைப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

நேரே கீழே போனாள். நான் குதிக்கக் குனிந்தேன். அதற்குள் மேலே வந்தாள், இருமினாள், மறுபடி போனாள், மறுபடி வந்தாள். இரண்டு கையும் பின்னால் போய்த் துணியை விலக்கிப் பிடித்திருந்தன. காலை மட்டும் போட்டு உதைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எரிச்சல் அடங்க அடங்க உதைப்பதும் நிதானப்பட்டது. கையை முன்னால் கொண்டுவந்து தண்ணீரைத் தள்ளினாள். கேனும் இல்லை, வடமும் இல்லை. புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்தவள், ஆற்றைப் பார்க்கப் பயந்து கதவைச் சாத்தியவள், நாயுடு கிணற்றின் நடுவில் நிற்கிறாள். நான் எத்தனையோ பேர் நீந்திப் பார்த்திருக்கிறேன். கும்பிட வேண்டும் என்று தோன்றியது அன்றைக்கு மட்டும்தான்.

மேலேயிருந்து வினோ கத்தினாள்: “ம்மா, நீ மிதக்குற!”

“ஆமாடி, நானும் அதத்தான் பார்த்துக்கினு இருக்கேன்.”

“கேன் ஏன் போய்டுச்சு?”

“அது வேணாம். இடைஞ்சலா இருக்கு. நீ வடத்த புடிச்சிக்கினு வா.”

வினோ வந்தாள். படியில் நிற்கவே இல்லை. அம்மா நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குள் வந்துவிட்டாள். அந்தக் கை நடுங்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வினோ அந்தக் குளத்தைக் கடந்தாள். வெள்ளை உடுப்பில் தெருவுக்குள் அவள் வந்த அன்று பஷீர் பாய் எழுந்து நின்று சலாம் வைத்தார். படிப்பு முடித்து, போலீஸில் தேறி, இப்போது கடலோரக் காவலில் இருக்கிறாள்.

தெரியாதது ஒன்று. கஸ்தூரியின் முதுகு ஆறச் சித்திரை வரை ஆனது. கம்பெனியில் சூடு பட்டது என்று மகளிடம் சொன்னாள். கம்பெனியில் வேறு ஏதோ சொன்னாள். எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்: “அவ தண்ணியில வேலை செய்யப் போறவ. இது தெரிஞ்சா தண்ணிய பார்க்கும்போதெல்லாம் என் முதுகு ஞாபகம் வரும். மறுபடியும் நானே பயத்தக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடைசியாக அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்துவிட்டார்கள். வினோவும் பார்த்தாள். வெளியே வந்து என்னிடம், “தாத்தா, இது கம்பெனி சூடு மாதிரி இல்லியே. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “அப்புறம் சொல்றேம்மா” என்றேன். வினோ காவல் படகின் முனையில், இரண்டு பக்கமும் கடல் இருக்க, பிடிமானம் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை அதற்குப் பிறகு கம்பெனிப் பெண்கள் எனக்குக் காட்டினார்கள். இனி சொன்னால் பயம் வராது என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதைச் சொன்னேன்.

கஸ்தூரி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு காட்சி. வடத்தைப் பார்த்து, யோசித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்ட அந்தக் கை. அன்று கிணற்றில் இருந்தவர்கள் நாலு பேர். பஷீர் பாய் போன நோன்புக்கு முன்னாலேயே போய்விட்டார். இப்போது கஸ்தூரி. என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நான் கிளம்பத் தயாராகி வெகுநாள் ஆகிறது. அந்தக் கையைக் கண்ணால் பார்த்து, அது எதற்காக விட்டது என்று இன்றுவரை தெரியாமல், உயிரோடு இருப்பது ஒருத்திதான். அவள் பேர் வினோதினி.