எதிர்க்குன்றில் சகலை

மீட்டர்க்காரர் மைக்ரோவேவ் ரேடியோ நிலையத்தில் டெக்னீஷியன். மின்சாரம் அளக்கும் மீட்டர் பையில் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார், அதனால் அந்தப் பெயர். பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்க்குன்றில், இவருடைய டிஷ்ஷை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் டிஷ்ஷுக்குப் பொறுப்பு, இவர் மனைவியின் தங்கை கணவர். இரண்டு நிலையத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மேற்பார்வையாளர் பதவி வரப்போகிறது. யாருடைய பதிவேட்டில் பழுது அலாரம் குறைவோ, அவருக்கு.

சகலையின் பதிவேடு பளிச்சென்று இருந்தது. போதாததற்கு அந்தக் குன்றின் சரிவிலேயே இருந்த அவர் வீட்டில் மாடி வேறு எழும்பியிருந்தது.

"தங்கச்சி வீட்ல மாடிக்கு மார்பிள் போடுறாங்களாம்" என்றாள் மனைவி.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"சும்மா, காதுல போட்டு வெச்சேன்."

மறுநாளிலிருந்து டவரில் ஏறி, டிஷ்ஷைப் பிடித்திருக்கும் கம்பியில் முழங்காலை ஊன்றி, ஆபீஸ் தொலைநோக்கியில் அந்த மாடியைப் பார்ப்பது அவருடைய அன்றாட அலுவலாயிற்று. சிக்னல் போகும் வழியில் மரம் கிரம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். மரம் வளரவில்லை. மாடிதான் வளர்ந்தது.

ஒரு காலை ரிசீவர் அலாரம் சிவப்பாக எரிந்தது. முறைப்படி, தன் டிரான்ஸ்மிட்டர் சிக்னலையே தன் ரிசீவருக்குத் திருப்பிவிட்டுப் பார்த்தார். விளக்கு அணைந்தது. ஆக, தன் ரிசீவர் சுத்தம்! போனை எடுத்தபோது குரலில் தேன் வழிந்தது.

"சகலை, உங்க டிரான்ஸ்மிட்டர் படுத்துடுச்சு போல. பாவம்."

"அது நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இங்கயும் அதே சிவப்பு எரியுது."

இரு பக்கமும் ஒரே நேரத்தில் எரிந்தால் ஏதோ ஒரு டிஷ் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

"அப்ப உங்க டிஷ்தான்."

"நீங்க தினம் முழங்கால் வெக்கிற கம்பி இருக்கே, அதோட நட்டப் பாருங்கண்ணே."

மீட்டர்க்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "உங்களுக்கெப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் தொலைநோக்கி குடுத்திருக்காங்கண்ணே."

"என்கிட்ட பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு?"

"நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிடறீங்களே! அதப் பாத்துப் பாத்து என் வயிறு எரியுது."

நட் தளர்ந்துதான் இருந்தது. சகலை போனில் சிக்னல் அளவு சொல்லச் சொல்ல, டிஷ்ஷைத் திருப்பி முறுக்கினார். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'பலத்த காற்று' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தார். கொடியில் துணிகூட அசையாத நாள். அதுகூடப் பரவாயில்லை, சகலைக்குத் தெரிந்துபோன அந்த நாலு மணிதான் கையைப் பிடித்தது. 'எங்கள் பக்க நட் தளர்வு' என்று எழுதினார்.

பதவி சகலைக்குப் போனது. புதிய மேற்பார்வையாளரின் முதல் உத்தரவு: டெக்னீஷியன்கள் ஆறு மணிவரை நிலையத்தில் இருக்க வேண்டும்.