என்னைக் காட்டிக்கொடுத்த திரேசாக்கா

வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குருநகரிலிருந்து திரேசாக்காவின் மகன். "ஐயா, அம்மா மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் அடக்கம்." மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பிலேயே குந்திவிட்டேன். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது.

மாதம் ஒருமுறை நீரிழிவுக் கிளினிக்கின் நீள வாங்கில் அவரோடு அமர்ந்து காத்திருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இவ்வளவு: திரேசாக்கா நாற்பது வருடம் மீன் விற்றவர். நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காயம் ஆறியதும் சந்தைக்குப் போனார். வீட்டில் இருக்கச் சொன்ன மகனிடம், "காலாலயோ நான் மீன் வெட்டினனான்?" என்று கேட்டார்.

நான் நீர்வேலிக்காரன், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கிளினிக்கில் எல்லோரும் என்னை ஐயா என்பார்கள். அவர் மட்டும் முதல் நாளே தம்பி என்றார்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் இரண்டு வகைக் குளிசைகளை வெளியே மருந்துக்கடையில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். என் ஓய்வூதியத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. கனடாவிலுள்ள மகனிடம் கேட்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். ஒரு காலை வாங்கிலேயே தலை சுற்றிச் சாய்ந்தேன். திரேசாக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, குளிசையை மிச்சம் பிடிக்கிறீரோ?"

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

என் இலக்கம் வந்தது; வாங்குகளுக்கு முன்னாலேயே இருந்த வைத்தியரின் மேசைக்குப் போனேன். மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். "ஓம்" என்றேன். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"பொய், டொக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறார். வாங்கக் காசில்லை. சொல்ல வெக்கப்படுறார்."

அவ்வளவு பேருக்கு முன்னால்! பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது. வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, குளிசை வேலை செய்யேல்லை எண்டு நினைச்சு, இண்டைக்கு அளவைக் கூட்டி எழுத இருந்தனான்." ஆஸ்பத்திரியில் இருப்பிலிருந்த வேறு குளிசைக்கு மாற்றித் தந்தார். அடுத்து நின்ற பண்டத்தரிப்புத் தோட்டக்காரர், ஒருவரும் கேட்காமலே, "நானும் பாதிதான் போடுறனான், டொக்டர்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் வாய் திறந்தார்.

இரண்டு மாதம் நான் திரேசாக்காவோடு கதைக்கவில்லை. மூன்றாம் மாதம் வாங்கில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "கோவமெண்டா இருக்கட்டும். ஆள் உயிரோடை இருக்கிறீர்தானே."

பிறகொரு நாள், முதியோரைப் பற்றி ஆராய இரண்டு மாணவிகள் வந்தார்கள். வாழ்க்கையில் திருப்தியா என்று ஒரு கேள்வி.

"ஓம், நல்ல திருப்தி" என்றார் திரேசாக்கா. கேட்ட மாணவி அவருடைய காலைப் பார்த்தாள்.

"எழுது பிள்ளை. ஆனா இதையும் சேர்த்து எழுது. கிழவி சந்தோசமா இருக்கிறாள், இனி அவளுக்கு மருந்தெதுக்கு எண்டு ஒருத்தரும் முடிவெடுக்கப்படாது. திருப்தி என்ரை பாடு. மருந்து தாறது அவையின்ரை கடமை."

"அதை எழுத இதிலை இடமில்லை, அம்மா."

"அப்ப ஓரத்திலை எழுது."

எழுதியதை வாசித்துக் காட்டும்வரை அந்தப் பிள்ளையை அவர் விடவில்லை.

கடைசியில் இதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரி விடுதியில் அவரைப் பார்க்கப் போனபோது, அடுத்த கட்டில் பெண்ணுக்கு இன்னும் மருந்து வரவில்லை என்று மூச்சு வாங்க வாங்கத் தாதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "களைக்குது அக்கா, பேசாமல் படுங்கோ" என்றேன்.

"படுக்கத்தானே போறன். கேட்டுப்போட்டுப் படுக்கிறன்."

மூன்று நாளில் போய்விட்டார்.

அடக்கத்தில் அவர் அமைதியாக இளைப்பாற வேண்டும் என்று மன்றாடினார்கள். அமைதியான திரேசாக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கனடாவிலுள்ள மகனைத் தொலைபேசியில் அழைத்து, காசில்லாமல் குளிசையை மிச்சம் பிடித்தது முதல் இத்தனை காலம் மறைத்த எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அழுதான். நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். திரேசாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: இல்லாததை இல்லை என்று உரத்துச் சொல்லும் வாய்.