வேணாம்னு போட்டுடறேன்

மார்வெல்லாவுக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது. லைசன்ஸ் ஆபீஸ் கவுண்ட்டரில் முன்னால் நிற்பவர் வாய் திறப்பதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். போட்டோ, கையெழுத்து, கண் பரிசோதனை, நடுவில் சட்டப்படி ஒரு கேள்வி: "ஓட்டர் லிஸ்ட்ல பேரைச் சேத்துடவா?" பாதிப் பேர், "ஏற்கெனவே இருக்கே" என்பார்கள். "அப்ப வேணாம்" என்று அவளே தட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவாள். மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊரில் அவளைப்போல வரிசையை நகர்த்த ஆள் கிடையாது. அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு.

கோடையில் அவள் அண்ணன் கிளியோஃபஸ் வந்தான். முதல் மனைவி இறந்தபின் தனியாகக் கிடந்தவன், இந்த ஊர் எர்னஸ்டினைக் கட்டிக்கொண்டு வேறு கவுன்ட்டியிலிருந்து, அதாவது வேறு மாவட்டத்திலிருந்து, குடிவந்திருந்தான். லைசன்ஸில் விலாசம் மாற்ற வேண்டும்.

"ஓட்டர் லிஸ்ட்?"

"நான் ஓட்டுப் போட ஆரம்பிச்சப்ப நீ பால்பாட்டில் குடிச்சிட்டிருந்தே. என்கிட்டப் போய் கேக்கிறியே!"

"கேட்டாகணும்ணே. சரி, வேணாம்னு போட்டுடறேன்."

அப்படிப் போட்டால் பெயர் பழைய கவுன்ட்டியிலேயே கிடக்கும். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னதுதான். அன்றைக்கு வரிசை வாசல்வரை நின்றது. அவளுக்கு நினைப்பே வரவில்லை.

நவம்பரில் எர்னஸ்டின் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றாள். கிளியோஃபஸ் ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். தேர்தலன்று காலையில் மார்வெல்லாவுக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"லிஸ்ட்ல என் பேரு இல்லையாம்டி."

"அங்கேயே நில்லுண்ணே, வரேன்" என்று கவுண்ட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வாக்குச்சாவடி தேவாலயத்தின் பின்கூடத்தில் இருந்தது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷி. தற்காலிகமாகத் தனி வாக்குச்சீட்டு ஒன்று தரலாம், ஆனால் இந்தக் கவுன்ட்டியில் பதிவில்லாததால் அதை எண்ணமாட்டார்கள் என்றாள். பதிவுக்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மார்வெல்லா கெஞ்சினாள், சண்டை போட்டாள், வெளியே போய் யார் யாருக்கோ போன் போட்டாள், திரும்பி வந்து மறுபடி கெஞ்சினாள்.

"விடு," என்றான் கிளியோஃபஸ். வந்தவர்களெல்லாம் "உங்க வீட்டம்மாவுக்குத்தான்" என்று அவன் கையைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். அவன் சிரித்துச் சமாளித்தான். மார்வெல்லாவுக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

எர்னஸ்டின் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். "ஒரு ஓட்டுல என்ன குறைஞ்சுபோச்சு?" என்று சொந்தக்காரர்கள் பொரித்த மீனைத் தின்றபடி மார்வெல்லாவைத் தேற்றினார்கள். அவள் தன் தட்டைத் தொடாமல் அடுத்தவர் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் கிளியோஃபஸ் ஆபீஸுக்கு வந்தான். டோக்கன் எடுத்துக்கொண்டு எல்லோரோடும் உட்கார்ந்தான்.

"நேரா வரக்கூடாதாண்ணே?" என்றாள், முறை வந்தபோது.

"பரவாயில்ல. இந்தத் தடவை மெதுவாக் கேளு."

கேட்டாள். பழைய ஊர் லிஸ்டில் இருக்கும் பெயர் இங்கே மாற வேண்டுமானால் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஆமா," என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை வைக்காமல் நின்றான்.

"ஊரே அவளுக்குப் போட்டுச்சு மார்வெல்லா. புருஷன் நான் போடல."