சோயாபீன் மாமா

ஆறு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. குறை என் காதில் இல்லை, அம்மா பிறந்த வீட்டில் இருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அம்மாவோ வீட்டுக்கு ஒரே பிள்ளை. "மாமன் இல்லாத பிள்ளைக்கு என்ன காதுகுத்து?" என்று லாயாங் லாயாங் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அத்தை கேட்பார். அப்பாவின் அக்கா, வாய்க்குப் பூட்டே கிடையாது. அம்மா சமையலறைக்குப் போய்விடுவார்.

"மாமான்னா யாரும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "உன்னைத் தூக்கி வச்சுக்குவாரு, கேட்டதெல்லாம் வாங்கித் தருவாரு, நீ அழுதா ஓடி வருவாரு" என்றார்.

அட, இவ்வளவுதானா! அப்படி ஒருவர் பெர்மாஸ் ஜெயாவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தாரே! பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சோயாபீன் தண்ணி விற்கும் சீனர். நான் சைக்கிளிலிருந்து விழுந்தால் அப்பாவுக்கு முன்னால் அவர்தான் வந்து நிற்பார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. "அங்கிள்னு கூப்பிடுடி" என்று அம்மா திருத்திப் பார்த்து அலுத்துப்போனார். அவர் வீட்டில் இது பெரிய கூத்தாகிவிட்டது. அவர்களின் சீனப் பேச்சில் மாமா என்றால் அம்மாவாம். நான் வாசலில் நின்று கத்தினால் அவரும் வருவார், தன் பிள்ளைதான் கூப்பிடுகிறது என்று அவர் மனைவியும் வருவார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் மட்டும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கடைசியில் ஒருவழியாக அம்மாவின் பெரியப்பா மகன் மெர்சிங்கிலிருந்து வந்து மடி கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், கொடுத்த புதுப் பாயைக் கூடத்தில் விரித்தார்கள். ஆசாரி வந்தார், அத்தை வந்தார், வடை வெந்தது, பாயசம் ஆறியது. மாமன் மட்டும் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில் போன்தான் வந்தது. வரும் வழியில், கோத்தா திங்கியில், கார் படுத்துவிட்டதாம்.

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் அத்தை.

அம்மா கையிலிருந்த குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

மாமா பயறு வேகவைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் மடி, ஊசி, அம்மா, அழுகை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன். அம்மா அழுகிறார் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஓடி வந்தார். அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், "அலமாக்!" என்று தலையில் கை வைத்தவர், வந்த வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி ஓடிவிட்டார். பாவம் மனிதர், பயந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இல்லை. சீனப் பெருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நல்ல சிவப்பு. கையில் ஒரு டின் பிஸ்கட், அதன்மேல் ஜோடியாக ஆரஞ்சுப் பழம். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு எப்படி வருவது என்று மலாயில் அப்பாவிடம் கேட்டார்.

"அவரே உட்காரட்டும்க்கா" என்றார் அப்பா.

அத்தை பிஸ்கட் டின்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், சுவர்ப்பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். "சப்பணம் போட்டு உட்காரச் சொல்லு, தம்பி. நேரமாகுது."

சப்பணம் போட அவருக்கு வரவில்லை. ஒரு முட்டி மேலேயே நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஆசாரி கம்பியை எடுத்ததும் எனக்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஊரைக் கூட்டினேன். சிவப்புச் சட்டையெல்லாம் என் கண்ணீர். "சூடா, சூடா, முடிஞ்சிருச்சி" என்று அதையே மலாயிலும் அரைகுறைத் தமிழிலும் சொல்லி என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பந்தி விரித்தார்கள். மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலுக்கு வந்தார். அதுவரை அவரை எல்லாரும் சொல்வதுபோல 'தவுக்கே' என்று முதலாளி மரியாதையோடுதான் அம்மா கூப்பிடுவார். அன்று, "அண்ணே, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

மாமாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். "அண்ணே, ரொட்டி சானாய் சத்து!" என்று காலையில் நம் ஆள் பரோட்டாக் கடையில் ஒரு ரொட்டி கேட்டு அவரே போடும் சத்தம்தானே அது. தன் நெஞ்சைத் தொட்டு, "நானா? அண்ணேயா?" என்று கேட்டுவிட்டு, ரொட்டி வீசுவதுபோல் கையை வீசிக் காட்டினார். வீடே சிரித்தது.

நானும் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா இப்படியா தப்பாகக் கூப்பிடுவது? "ஐயோ அம்மா, அவரு அண்ணன் இல்ல, மாமா!" என்று திருத்தினேன்.

அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இன்னும் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு மாமா கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மாவுக்கு அண்ணன் கிடைத்தது அன்றைக்குத்தான்.