வெடியில்லாமல் வானம் காத்தது

போன வாரம் பேப்பரில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தான். ஆளில்லாத ட்ரோன் பறந்து வந்தால் சுட வேண்டாமாம், வெடிக்க வேண்டாமாம். வலை வீசிப் பிடிக்கலாமாம். ரேடியோ அலையைக் குழப்பிப் போகிற வழியை மாற்றிவிடலாமாம். வெளிநாட்டில் எங்கேயோ கழுகைப் பழக்கியே பிடித்துப் பார்த்தார்களாம். ராடாருக்குத் தெரியாமல் வருகிற விமானத்தை என்ன செய்வது என்று தனியாகக் கட்டம் கட்டிப் படம் வேறு. நான் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. ஏய்யா, இதையெல்லாம் நான் எண்பதுகளின் ஆரம்பத்திலேயே பசுமலையில் செய்து பார்த்தாச்சு. அதுவும் ஓட்டைச் சைக்கிளில்.

அப்போது நான் ஒரு தாலுகா ஆபீசில் தற்காலிக இளநிலை உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னை ஒரே ஒரு நாள் வேலையை விட்டு நீக்குவார்கள், மறுநாள் காலையில் சேர்த்துக்கொள்வார்கள். நீக்கும் உத்தரவையும் நானேதான் டைப் அடிக்கணும். இப்படியே அஞ்சு வருஷம்.

ஆனையூரில் இருந்த என் தாய்மாமன் மகளை எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவள் மேல் கொள்ளை ஆசை. மாமாதான் கறாரான ஆள். "நிரந்தர ஆர்டர் கையில வரட்டும் மாப்ள, அடுத்த முகூர்த்தத்துலயே தாலி" என்பார். ஆர்டர் வரவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒரு கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்று கெடு வேறு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, என் வேலை என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக மாமா சொல்லி அனுப்பினார்.

அதே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் பசுமலை அடிவாரத்து மைதானத்தில் ஒரு அமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதாக இருந்தது. முந்தின வாரம் இடம் பார்க்க வந்த பைலட் அண்ணாந்து பார்த்தார். மேலே முப்பது நாற்பது பருந்து. ரோட்டோரம் வரிசையாகக் கறிக்கடை, பருந்துக்கு என்ன குறை? ஒரு பருந்து மோதினாலும் ஹெலிகாப்டர் கீழே வந்துவிடும் என்றார் பைலட். வெடி போட்டு விரட்டலாம் என்றார் தாசில்தார். போலீஸ் அதிகாரி குதித்தார். அமைச்சர் வருகிற இடத்தில் டப் என்று சத்தம் கேட்டால் போலீஸ் துப்பாக்கியை எடுத்துவிடுமாம்.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வெடிக்காம வானத்தைச் சுத்தம் பண்ணிக் குடு. ஹெலிகாப்டர் நல்லபடியா எறங்குன அன்னிக்கே உன் ஃபைலைக் கலெக்டர்கிட்ட நானே கையில கொண்டு போறேன்." எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

முதலில் தகரம் தட்டினேன். என்ன விசேஷம் என்று இன்னும் பத்துப் பருந்து சேர்ந்தது. அடுத்து, ரேடியோ கடையில் சிக்கிப் பாழான கேசட் டேப்பை வாங்கி மைதானத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டினேன். காற்றில் ஊய்ங் என்று கத்தும், வெயிலில் மின்னும். முதல் நாள் மிரண்டதுகள், மறுநாள் அந்தக் கம்பு மேலேயே உட்கார்ந்து இறகு கோதின. மணிக்கொரு தடவை வான் நிலவரம் எழுதிக் கொடுக்கணும். எங்கே எழுத? பருந்து றெக்கை அடிக்காது, சத்தம் போடாது, வெயில் பக்கமாகவே வரும். ராடார் இருந்திருந்தாலும் கண்ணு கூசியிருக்கும்.

கடைசியில் கறிக்கடை அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். "பருந்த வெரட்ட முடியாது மாப்ள, கூப்புடத்தான் முடியும்." தினமும் விழுகிற குடல், ஜவ்வு எல்லாவற்றையும் ஒரு சிவப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். கப்பலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் சரியாக ஒன்பதரைக்குக் கொட்டச் சொன்னார். முதல் நாள் நாலு வந்தது. மூன்றாம் நாள் மொத்தப் படையும் என் சைக்கிளுக்கு மேலேயே கூட வந்தது. பசுமலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தாசில்தார் என் முதுகில் தட்டினார். "பறவைகள் மாற்று இடத்துக்கு மாற்றப்பட்டன" என்று ஃபைலில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பையோடு போனால் கறிக்கடை அத்தனையும் அடைப்பு. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"நேத்து மத்தியானமே அடைச்சாச்சு மாப்ள. பாதுகாப்பாம். உங்க ஆபீசு நோட்டீசுதான?"

அட கூறுகெட்டவனே! அந்த நோட்டீசை டைப் அடித்ததே நான்தான். மூன்று நகல். டைப் அடிக்கும்போது எவன் படிக்கிறான்?

"ஒரு துண்டு ஜவ்வுகூட இல்லையாண்ணே?"

"எல்லாத்தையும் கழுவி விட்டாச்சு. கடைசியா கெடந்த ரெண்டு கிலோ கறிய உங்க அம்மாதான் வாங்கிட்டுப் போச்சு. உங்க மாமா வாராகளாமே."

வீட்டில் கறி, மஞ்சளும் உப்பும் தடவித் தயாராக இருந்தது. சட்டியோடு தூக்கினேன். அம்மா வாசல் வரைக்கும் ஓடி வந்தது. "டேய், மாமா வாராகடா! எலையில என்னத்தடா வைக்க?" "சர்க்கார் வேலைம்மா" என்று கத்திக்கொண்டே மிதித்தேன். இந்தக் கறி போனால்தான் அந்த ஆர்டர் வரும், அந்த ஆர்டர் வந்தால்தான் அவள் வருவாள் என்பது என் கணக்கு. மஞ்சள் தடவின கறியைப் பருந்துகள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் தின்றன.

பத்து மணிக்குப் பசுமலை மேல் ஒரு தும்பிகூட இல்லை. பதினொன்று ஆச்சு. பதினொன்றரைக்கு அமைச்சர் காரில் வந்து இறங்கினார். மேகமூட்டமாம். மொட்டை வெயிலில் எல்லோரும் தலையாட்டினார்கள். மாலை விழுந்தது, ரிப்பன் வெட்டினார், போய்விட்டார். அந்தச் சுத்தமான வானத்தை ஒரு ஆள் அண்ணாந்து பார்க்கவில்லை. தாசில்தார் என்னைத் தாண்டியே ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அம்மா நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தது.

"ஹெலிகாப்டர் எறங்குச்சா மாப்ள?"

"இல்ல மாமா. கார்ல வந்துட்டாரு."

குழம்பு, ரசம், மோர் எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் சொன்னார். "உம்மேல எனக்குக் கோவமில்ல. வராத ஹெலிகாப்டருக்கு வீட்டுக் கறிய வாரிக் குடுத்துட்டு வந்திருக்க. உன்ன நம்பி எம்பொண்ணும் எம்புட்டு நாளைக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கும், சொல்லு?"

தை மாதம் அவளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். நான் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு அழுதேன். ஃபைலும் திரும்பி வந்தது. ஹெலிகாப்டர் வராததால் வான்பாதுகாப்புப் பணி நடந்ததாகக் கருத முடியாது, பறவைகளை அனுமதியின்றி இடம் மாற்றியதற்கு விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். பருந்துகள் மட்டும் என்னை விடவில்லை. சைக்கிளை எடுத்தால் நாலைந்து பருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் மேலேயே வரும். "அண்ணே, ஒங்க விமானப்படை வந்துருச்சு" என்று பியூன்கூடக் கேலி பண்ணினான். ரெண்டு வருஷம் கழித்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது உத்தரவு போட்டார்கள், அதில் நானும் நிரந்தரம் ஆனேன். பருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை. பருந்துக் கதையை நானே ஆரம்பித்து, தகரம், டேப், மஞ்சள் கறி என்று ஒன்று விடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கப்பலூருக்கு அத்தன நாளு மிதிச்சீகளே அத்தான், ஆனையூருக்கு ஒரு நாள் மிதிச்சு வந்து என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா? இருன்னு சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பசுமலையிலிருந்து ஆனையூர் அப்படி ஒன்றும் தூரமில்லை.