மஞ்சள் நிறச் செட்

சண்டை முடிந்த இரண்டாம் வருஷம் எனக்கு அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்தது. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதியதற்குப் பலனாக வந்த ஒற்றைத் தாள். அதை நாலு போட்டோகொப்பி எடுத்தேன். ஒன்று பள்ளிக்கூடப் பையில், ஒன்று மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், ஒன்று அலுமாரியில், ஒன்று எப்போதும் சட்டைப் பையில். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு எந்தக் கடுதாசியையும் ஒற்றையாக வைத்திருக்க மனம் வராது.

உரிமம் வந்துவிட்டது, செட் இல்லை. அமெச்சூர் வானொலி என்பது பாட்டுக் கேட்கிற வானொலி அல்ல. உரிமம் எடுத்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்கிற கம்பியில்லாக் கருவி. டெலிபோன் டவர் சாய்ந்தாலும், கரண்ட் போனாலும், இரண்டு பேரிடம் இரண்டு செட் இருந்தால் கதைக்கலாம். முதலில் கையில் பிடிக்கிற சின்னச் செட் ஒன்று வாங்குவது என்று நினைத்திருந்தேன். என்னோடு பரீட்சை எழுதிய நற்பிட்டிமுனை நண்பர், அவரும் என்னைப்போலக் கணித ஆசிரியர், அப்போதே ஒன்றை வாங்கிவிட்டார். பதில் சொல்ல ஆளில்லாமல் வயல் வரம்பில் நின்று தன் அழைப்புக் குறியைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்ப சேர் வாங்கப் போறீங்க? நான் கொக்குகளோடதான் கதைச்சுக்கொண்டிருக்கன்" என்பார், காணும்போதெல்லாம்.

எனக்கு ஆசை இருந்தது. கொண்டுவந்து வைக்கத்தான் இடமில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். சாய்ந்தமருதில் நான் இருப்பதும் என் மனைவியின் வீட்டில்தான். அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய காக்கா, மூத்த சகோதரர். எனக்கு மச்சான். ரேடியோவும் கசெட் பிளேயரும் திருத்துகிற கடை வைத்திருந்தார். தங்கச்சிக்கு வீடு எழும்பும்வரை தனக்குக் கலியாணம் வேண்டாம் என்று இருந்த மனிதர். எங்களுக்குக் கலியாணமாகி இரண்டாம் வருஷம், யாரோ ஒருவன் ஒரு பையை அவருடைய கடையில் கொடுத்து, பிறகு வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். திருத்தத் தந்த சாமான்தானே என்று மச்சானும் ஓரமாக வைத்தார். பைக்குள் இருந்தது பழுதான ஒரு வோக்கி டோக்கி. அவன் வரும் முன்பே சோதனைக்கு ஆட்கள் வந்து மச்சானை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினாலு மாதம் கழித்து மச்சான் உயிரோடு வந்து சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். கடையை மறுபடி திறக்கவில்லை. மருதமுனையில் ஒரு சாரன் கடையில் கைலி விற்க நின்றார். அவர் இருந்த வீட்டில் ரேடியோவே கிடையாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரைந்தால் முகத்தைச் சுளிப்பார். எந்த வயர் கழன்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனால் எழும்பிப் போகமாட்டார்.

ஆகவே செட் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் மனைவி கையிலிருந்த சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது என்ட காக்கா கட்டின ஊடு. அந்தச் சாமான் இதுக்குள்ள வரப்படா."

"சண்டை முடிஞ்சி போச்சி. என்னட்ட உரிமம் இரிக்கி."

"காக்காட்டயும் எல்லாக் கடுதாசியும் இரிந்த."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொங்கியது. பொதுவாகவே நான் சட்டென்று கொதிக்கிற ஆள். ஆனால் இந்தக் கோபம் அன்று வந்ததல்ல, ஆறு வருஷம் பழையது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் பயிற்சி ஒன்றுக்காகக் கண்டியில் இருந்தேன். மறுநாள் ஊருக்கு வந்தேன். கடலிலிருந்து மூன்றாவது வரிசையில் எங்கள் வீடு, முன் சுவர் இல்லாமல் நின்றது. உள்ளே மணல், வேறு யாருடையதோ ஒரு தையல் மெஷின். மனைவியும் நாலு வயது மகளும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் தேடினேன். ஜனாஸாக்களாகக் கிடத்தியிருந்த உடல்களின் முகத்தில் அடையாளம் இல்லை என்பதால் கைகளைப் பார்த்தேன். வளையல் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, அடுத்த பாய்க்குப் போனேன். அது வேறொருவன் மனைவி என்ற நினைப்பு அப்போது வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கல்முனையில் ஒரு முகாமில் இளைஞன் ஒருவன் கையில் செட்டோடு நின்றான். மற்ற முகாம்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் அதில் வரும். அவன் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி, சரி என்று பதில் வந்த பிறகே எழுதிக்கொள்வான். சனம் அவனைச் சுற்றி மூச்சு விடாமல் நிற்கும். மூன்று நாளும் பொழுது சாய நான் அங்கே போய் நின்றேன். எங்கள் பெயர் வரவில்லை. நாலாம் நாள் சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பறை மூலையில் இருவரையும் கண்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு ஆண்பிள்ளை என்ற நினைப்பே இல்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

அந்தப் பள்ளிக்கூடத்திலும் செட்டோடு ஒருவர் பெயர் எழுதிக்கொண்டு போனார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பக்கத்து வீட்டு ராத்தா கள்ளமில்லாமல் சொன்னார்: "ஒங்கட பொண்டாட்டி அவரக் கண்டதும் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்னுக்குப் போயிட்டா." நான் இதை மனைவியிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் வைத்திருந்ததுதான் பிழை. உள்ளே கிடந்து புளித்துப்போனது.

அமெச்சூர் பரீட்சைக்கு நான் படித்ததும் அந்த மூன்று நாளுக்காகத்தான். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் ஏலாது.

அப்படியிருந்தவன் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்கலாம். கல்முனையில் வள்ளச் சாமான் விற்கிற கடைக்கு நைலோன் கயிறு வாங்கப் போனேன். கண்ணாடிக்குள் ஒரு கையடக்கச் செட். நல்ல மஞ்சள் நிறம், உருண்ட விளிம்பு, தண்ணீரில் போட்டால் மிதக்குமாம். அரை மணித்தியாலம் அதன் முன்னால் நின்றேன். எத்தனை வாட் என்று கேட்கவில்லை. பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கவில்லை. சாவடியில் ஒருவன் இதைக் கையில் எடுத்தால் என்ன நினைப்பான் என்று மட்டும் யோசித்தேன். பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பான். இராணுவத்திடமும் சரி, இயக்கத்திடமும் சரி, மஞ்சள் செட்டை யார் கண்டது?

அதையே வாங்கி வந்தேன், வீட்டில் நான் நினைத்தபடியே நடந்தது. "இதென்ன, மகள்ட வெளயாட்டுச் சாமானா?" என்றாள் மனைவி.

"ஓம், அந்த மாதிரித்தான்" என்றேன்.

செட் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சான் சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் அது பட்டது. அப்படியே நின்றார். மனைவி குசினிக்குள் கறி அள்ளிக்கொண்டிருந்தாள். மச்சான் கையைச் சாரனில் துடைத்துவிட்டுச் செட்டை எடுத்தார். புரட்டினார். பின்பக்கம் ஒட்டியிருந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை இப்படியொரு சாமானைத் தொடுகிறது.

"மச்சான், ஒங்கட உரிமத்துல எந்த அலைவரிசை?"

"நூற்று நாற்பத்து நாலுல இருந்து நூற்று நாற்பத்தாறு."

"இது நூற்றைம்பத்தாறுக்கு மேல. கடல் செட். வள்ளமும் கப்பலும் கதைக்கிறது. நீங்க இதுல வாயத் தொறந்தா ஒங்கட உரிமம்தான் போகும்."

பெட்டியில் அந்த எண்ணைக் கண்ணால் கண்டவன் நான். பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவன். நிறத்தைப் பார்த்த கண்ணுக்கு எண் தெரியவில்லை. நான் முழித்த முழியைப் பார்த்து மச்சான் சிரித்தார். சிரிப்பென்றால் வயிறு குலுங்கச் சிரித்தார். "கணக்கு வாத்தியார்!" என்றார், மறுபடி சிரித்தார்.

காக்கா சிரிக்கிற சத்தம் கேட்டு மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள். அவர் கையிலிருந்த செட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்ப இது அந்தச் சாமானா? பொய் செல்லி என்ட ஊட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சீங்களா?"

பிழை என்னுடையது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய கோபம் கிளம்பிவிட்டது.

"நீ மட்டும் என்ன செஞ்ச? பேர் எழுத வந்தவனக் கண்டு ஒளிச்சிட்டியே. நான் மூணு நாள் மையித்துகள்ட கையப் பார்த்துக்கிட்டுத் திரிஞ்சன். ஒரு பேர் சொல்லியிருந்தா முடிஞ்சி போயிரிக்கும்."

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. மனைவி அகப்பையை மேசையில் வைத்தாள். அவள் அழவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஓம், ஒளிச்சன். அவர்ட கையில அதக் கண்டதும் காக்காவ ஏத்திக்கிட்டுப் போன வாகனம்தான் கண்ணுக்குள்ள வந்த. பேரச் சொன்னா அந்தப் பேரத் தேடி வருவாங்க எண்டு பயந்தன். நீங்க கடலில்லாத ஊர்ல நல்லாயிரிக்கீங்க எண்டு நான் நிம்மதியா இரிந்தன். நீங்க இஞ்ச வந்து தேடுவீங்க எண்டு எனக்குத் தெரியாதே."

அவள் என்னைப்பற்றிக் கவலைப்படாமல் இருந்தது நான் பத்திரமாக இருக்கிறேன் என்ற நம்பிக்கையில். ஆறு வருஷமாக இந்த ஒரு விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மச்சான் செட்டை மேசையில் வைத்தார். "தங்கச்சி, என்னக் கொண்டு போனது செட்டால இல்ல. யாரும் வாயத் தொறந்து கேக்க ஏலாத காலத்தால. மச்சான், இதக் கடைக்காரன்ட திருப்பிக் குடுங்க. அடுத்த சனிக்கிழமை கொழும்புக்குப் போவம், நான் வாறன். ஒங்கள நம்பி இனி ஒரு டோச் லைட்டும் வாங்க ஏலா."

கொழும்புக் கடையில் வண்ணத் திரையும் இரண்டு அலைவரிசையும் உள்ள ஒன்றில் நான் மயங்கி நின்றேன். மச்சான் அதைத் தள்ளிவிட்டு, கனமான, அழகில்லாத, கரிக்கட்டை போன்ற ஒன்றைக் கேட்டு வாங்கினார். கதைக்கிற பொத்தானை ஐம்பது தடவையாவது அமத்திப் பார்த்திருப்பார். அதற்குச் சாதாரணக் கடைப் பற்றரி போடுகிற தனிக் கூடு ஒன்று இருந்தது.

"கரண்ட் இல்லாத நாளுக்குத்தானே இது? அண்டைக்குச் சார்ஜர எங்க குத்துவீங்க? பெட்டிக் கடையிலயும் விக்கிற பற்றரியில வேலை செய்யோணும்."

"கறுப்பா இரிக்கே மச்சான்."

"கறுப்பாவே இரிக்கட்டும். ஒளிக்கப் போனாத்தான் பயம் வரும்."

திரும்பும்போது பஸ்ஸில் செட் அவர் மடியில் இருந்தது. ஒரு சோதனைச் சாவடி வந்ததும் அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சட்டைப் பையிலிருந்த போட்டோகொப்பியை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸை நிறுத்தாமலே போகச் சொன்னார்கள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். நான் தயங்கினேன். அவள் தன் காக்காவைப் பார்த்து, "நீங்க கொண்டு வாங்க உள்ளுக்கு" என்றாள். அவர் கட்டிய வீட்டுக்குள் அவரே அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

அஸர் தொழுதுவிட்டு மச்சானோடு முற்றத்துக்கு வந்து நற்பிட்டிமுனை நண்பரை அழைத்தேன். இரண்டாம் அழைப்புக்கே பதில் வந்தது. "கொக்குகளுக்கு விடுதலை!" என்று கத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. தூரம், காற்று, பற்றரி என்று ஏதோ உளறினேன். அவர், ஒரு செய்தி அனுப்பிப் பழகுவோம், யாராவது ஒருவருக்குரிய செய்தியைச் சொல்லுங்கள் என்றார்.

பின்னால் வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "நான் செல்றன், நீங்க அனுப்புங்க. நானும் மகளும் இரிக்கம். எங்களத் தேடி அலைய வேணாம். சம்மாந்துறைக்கு வாங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்வையை மாற்றவில்லை. பொத்தானை அமத்தினேன். அவள் சொன்னதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. நண்பருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் முறை தெரிந்தவர், வந்த செய்தியைத் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார். செட் ஒரு தடவை இரைந்தது.

"நானும் மகளும் இருக்கிறோம். எங்களைத் தேடி அலைய வேண்டாம். சம்மாந்துறைக்கு வாருங்கள். சரியா சேர்?"

நான் பொத்தானை அமத்தாமல் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் என் தோளில் கை வைத்து, "பதில் செல்லுங்க மச்சான், மனுசன் காத்துக்கிட்டிரிக்கார்" என்றார்.