சத்தம் வந்தால் எண்ணெய்

தையல் தொழிற்சாலையில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். நூற்று எண்பது மெஷின்களுக்கு அவர் ஒருவர்தான் மெக்கானிக். எந்த மெஷின் கீச்சிட்டாலும் நீளமூக்கு எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். "ரெண்டு சொட்டு போதும்மா" என்பார். பெரும்பாலும் போதும். தைக்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

"சொட்டண்ணே, மேனேஜர் காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்காரு. அவருக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன்."

அவர் சிரிக்காமல் குப்பியைக் குலுக்கிப் பார்ப்பார். "அவருக்கு இது பத்தாதும்மா."

ஐம்பத்திரண்டாவது வயதில் பழைய கார் ஒன்று வாங்கினார். பார்த்து வாங்கிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. கார் மெக்கானிக். சாவியைக் கொடுத்த அன்றே சமையலறையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான்.

"மாமா, நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஸ்பேனரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க. இது தப்பாப் போனா என்ன ஆகும்? வண்டி கிளம்பாதா, தாராளமா நோண்டுங்க. வண்டி நிக்காதா, தொடாதீங்க. என்கிட்ட கொண்டு வாங்க."

"மெஷினே பாக்காதவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றியே மாப்ள."

"தையல் மெஷின் யாரையும் ஏத்தாது மாமா. அக்கா, நீ எழுது. இவர் எழுதினா எல்லாமே இவர் வேலையாத்தான் இருக்கும்."

அவள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவே கோடு போட்டாள். இடது பக்கம், வீட்டிலேயே செய்யலாம்: வைப்பர், பல்பு, ஃபியூஸ், ஏர் ஃபில்டர், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது, இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் ஊற்றுவது. வலது பக்கம், தொடக்கூடாது: பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், காருக்கு அடியில் படுத்துச் செய்கிற எதுவும். மழலையர் பள்ளியில் ஆயாவாக இருப்பவள். எழுத்து குண்டுகுண்டாக இருந்தது. தாளைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவளே பென்சிலால் டிக் போடுவாள். வைப்பர் முதல் டிக். ஏர் ஃபில்டருக்கு இரண்டு மாலைகள் ஆயின, ஒரு கிளிப் எங்கோ விழுந்து கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் இடது பக்கம் முழுக்க டிக் விழுந்துவிட்டது. வலது பக்கத்தை அவர் சில நாட்கள் காபி குடித்துக்கொண்டே பார்ப்பார். அவ்வளவுதான்.

பிறகு கார் கத்த ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கமிருந்து மெல்லிய, பல் கூசும் கீச்சுச் சத்தம். பள்ளி வாசலில் அவளை இறக்கிவிடும்போது குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னங்க, மானம் போகுது. தம்பிகிட்ட விட்டுட்டு வாங்களேன்."

"அடுத்த வாரம் விடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிரேக் தட்டும், மிதித்தால் அதைப் பிடிக்கும் கட்டையும் தெரிந்தன. உலோகத்தோடு உலோகம் உரசிய தடம். இருபத்தாறு வருடமாக அவர் பார்த்து வந்த தடம்தான்.

தாள் நினைவுக்கு வராமல் இல்லை. பிரேக் ரிப்பேர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், ஜாக் வைக்க வேண்டும். இது எதையும் கழற்றாத வேலை. வெறும் எண்ணெய். இதை ரிப்பேர் என்று யாராவது சொல்வார்களா? குப்பியின் மூக்கு இடைவெளிக்குள் அளவெடுத்தாற்போல் நுழைந்தது. ஒரு பக்கம் விட்டால் மறுபக்கமும் விடுவது அவர் பழக்கம். விட்டார்.

சாயங்காலம் இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்குப் போனார்கள். சத்தம் இல்லை.

"அட, நின்னுடுச்சே! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தானா நின்னுடுச்சு."

பிரேக்கை வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் ஓட்டினார். மெத்தென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டில் கார் நிற்பது பக்கவாட்டில். கேட்டிலிருந்து உள்ளே சரிவு, கடைசியில் சுவர், சுவரோரம் தண்ணீர்க் குழாய். குழாயை இடிக்காமலிருக்க அவள் தினமும் இறங்கிப் போய் அங்கே நின்று கை காட்டுவாள். வரலாம் வரலாம் என்று விரல்களை மடக்குவாள். போதுமென்றால் உள்ளங்கையைத் தூக்குவாள்.

அன்று கடையிலிருந்து திரும்பியபோதும் உள்ளங்கை உயர்ந்தது. அவர் மிதித்தார். கார் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய இடது முழங்கால். இரண்டு அறுவை சிகிச்சைகள். இனி குழந்தைகளின் பின்னால் ஓட முடியாது என்று மருத்துவர் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தம்பி தன் ஷெட்டில் சக்கரத்தைக் கழற்றினான். தட்டை விரலால் தொட்டு, மோந்து பார்த்தான்.

"இது கார்ல எங்கயுமே ஊத்தற எண்ணெய் இல்லையே மாமா."

அவர் கழற்றிப் போட்டிருந்த நட்டுகளை வரிசையாக அடுக்கினார்.

"கட்டை தேய்ஞ்சு போச்சு, மாத்துன்னு சொல்றதுக்குன்னே அதுல ஒரு தகடு வெச்சிருக்கான். அது கத்தணும் மாமா. கத்தறதுக்குன்னே செஞ்சது அது." கையைத் துணியில் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே எல்லோருக்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டிருந்தாள். "என் தப்புதான். கையை லேட்டாத் தூக்கிட்டேன். அவர் பாவம், என்ன பண்ணுவாரு?" பக்கத்து வீட்டுக்காரியிடம், பள்ளித் தலைமையாசிரியையிடம், மருந்து கட்ட வந்த நர்ஸிடம். ஒவ்வொரு முறையும் அவர் காபி போடவோ கதவைச் சாத்தவோ எழுந்து போனார். தம்பி ஒருமுறை வந்தான். அக்கா அதைச் சொல்லக் கேட்டான். மாமாவைப் பார்த்தான். அதன்பிறகு வீட்டுக்கு வருவதில்லை.

தொழிற்சாலையில் அவர் இப்போது எண்ணெய் விடுமுன் மெஷினருகே குனிந்து வெகுநேரம் கேட்கிறார் என்று பெண்கள் கவனித்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

எட்டாவது மாதம், ஒரு காலை, அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"தம்பிக்கு என்மேல கோவமா?"

"உன்மேல என்ன கோவம்?"

"கை காட்டக்கூடத் தெரியலையே இவளுக்குன்னு நினைச்சிருப்பான். எத்தனை மாசமாச்சு, எட்டிக்கூடப் பாக்கல."

அவர் எழுந்து போய்க் கதவிலிருந்து தாளை உரித்தார். ஓரம் கிழிந்தது. பென்சிலோடு அவள்முன் வைத்தார்.

"இதுல ஒரு டிக் விட்டுப்போச்சு."

வலது பக்கத்தில், முதல் வரியில் விரலை வைத்தார். அவள் விரலைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"எண்ணெய் விட்டேன். ரெண்டு பக்கமும்."

"எப்ப?"

"அன்னிக்கு மத்தியானம். நீ தூங்கிட்டிருந்த."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ பொங்கி அடுப்பு அணைந்தது. இருவரும் எழவில்லை.

"அப்ப நான் கையைச் சரியாத்தான் காட்டினேனா?"

"சரியாத்தான் காட்டின."

"லேட்டாகலையா?"

"இல்ல. எப்பவும் தூக்கற இடத்துலதான் தூக்கின."

அவள் தன் வலது கையை மேசைமேலிருந்து எடுத்தாள். மெல்ல, அன்று தூக்கியது போலவே, உள்ளங்கையை அவருக்கு நேராகத் தூக்கினாள். கையைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.